அலைனர் பட்டன் கழண்டு விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க? (நீண்ட த்ரெட்)

1/
"சார், பல்லுல ஒட்டியிருந்த பொட்டு விழுந்துடுச்சு. அஞ்சு ரூபா சூப்பர் க்ளூ வாங்கி நானே ஒட்டிட்டேன். இப்ப ட்ரே கழல மாட்டேங்குது."

ராத்திரி ஒன்பது மணி, கேஷுவால்டி. வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஊர்ல வேலை பார்க்கிற பொண்ணு, 26 வயசு. கச்சிராயபாளையம் வழியா பஸ்ல இறங்கி கள்ளக்குறிச்சி வந்திருக்கு. மேலுதட்டோட உள்பக்கம் வெந்து வெள்ளையா இருந்துச்சு.

(அவங்க அனுமதியோடதான் எழுதறேன். அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் எம்.பி.பி.எஸ். பல் டாக்டர் இல்ல. அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவன். பல்லை எப்படி நகர்த்தணும்னு இங்க பாடம் எடுக்கப் போறதில்ல.

பல்லை நகர்த்தறதா சொல்லிக் காசு வாங்கிட்டு, நடுவுல ஒண்ணு கழண்டா போனை எடுக்காத ஆளுங்களைப் பத்தித்தான் எழுதப் போறேன். அதுக்கு எம்.டி.எஸ். தேவையில்ல.

3/
தெரியாதவங்களுக்காக: அலைனர்னா பல்லு மேல மாட்டிக்கிற, கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ட்ரே. கம்பி கட்டறதுக்குப் பதிலா போடறது. ஒரு ட்ரே ஒரு பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு ட்ரேன்னு வரிசையா மாத்திக்கிட்டே போகணும். சாப்பிடற, பல் விளக்கற நேரம் தவிர, ஒரு நாளைக்கு 20-22 மணி நேரம் போட்டிருக்கணும்.

4/
பல்லு வழவழன்னு இருக்கும், பிளாஸ்டிக்கும் அப்படித்தான். எண்ணெய்க் கையால பாட்டில் மூடியைத் திருகிப் பாருங்க, வழுக்கும். கோரைப்பல், அதுக்குப் பின்னாடி இருக்கிற சின்னக் கடைவாய்ப்பல் எல்லாம் உருண்டையா இருக்கிறதால ட்ரேக்குப் பிடியே கிடைக்காது.

அதனால பல்லு மேல, பல் நிறத்துலயே ஒரு சின்ன மேடு ஒட்டுவாங்க. அதுதான் அட்டாச்மென்ட். நம்ம ஜனங்க பட்டன்னு சொல்வாங்க, பொட்டுன்னும் சொல்வாங்க. பல்லைத் திருப்பறது, கீழ இறக்கறது, வேரைச் சாய்க்கறது, இதுல பெரும்பகுதி அந்தப் பொட்டோட புண்ணியம்.

5/
அதை ஒட்டறது க்ளூவால இல்ல. பல்லை சுத்தம் பண்ணி, பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை சில நொடி வெச்சு எனாமலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, கழுவி, எச்சில் படாம காய வெச்சு, மேல பாண்டிங் திரவம் தடவுவாங்க. அப்புறம் ஒரு அச்சு ட்ரேல காம்போசிட் ரெசின் நிரப்பி, பல்லு மேல அழுத்தி, நீல வெளிச்சம் அடிச்சு இறுக வைப்பாங்க.

சொத்தைப் பல்லை அடைக்கிற அதே பொருள்தான். எல்லாப் பல் கிளினிக்லயும் இருக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

6/
இது கழண்டு விழறது அபூர்வம் இல்ல. ஒட்டும்போது எச்சில் பட்டிருக்கலாம். செராமிக் கேப் போட்ட பல்லா இருக்கலாம். ட்ரேயை முன்பல்லுல நகம் விட்டு வெடுக்குன்னு இழுத்திருக்கலாம். முறுக்கு, கரும்பு, வறுத்த கடலை கடிச்சிருக்கலாம்.

நம்ம பக்கம் இன்னொண்ணும் இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலத்துல சில பகுதிகள்ல தண்ணியில ஃபுளோரைடு அதிகம். கறை படிஞ்சு குழி விழுந்த எனாமல்ல இந்த ஒட்டு சரியா பிடிக்காம போகலாம். ஒட்டறதுக்கு முன்னாடி பல்லை நேர்ல பார்த்தாதான் இதெல்லாம் தெரியும். போட்டோவுல தெரியாது.

7/
அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும்போது கோரைப்பல் பொட்டு விழுந்திருக்கு. பயந்துபோய் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கு. ஆப்ல போட்டோ போடுங்கன்னாங்க. மலையில சிக்னல் கிடைக்கிற இடமே ஒண்ணு ரெண்டு வளைவுதான். அங்க நடந்துபோய் நின்னு போட்டோ ஏத்தினா, ஒரு டிக்கெட் நம்பர் வந்துச்சு. அதோட சரி.

8/
மறுபடி கூப்பிட்டா வேற ஒருத்தர் எடுக்கறார். அவருக்கு முதல்ல இருந்து கதை சொல்லணும். "சென்டருக்கு நேர்ல வாங்க மேடம்." சென்டர் எங்க? சென்னையில. இவங்க மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து சென்னை போய்த் திரும்பணும். ரெண்டு நாள் லீவு. ஒரு பொட்டுக்கு.

காசு கட்டும்போது "நீங்க எங்க இருந்தாலும் பரவாயில்ல, எல்லாம் ஆன்லைன்லயே பார்த்துக்கலாம்"னு சொன்னது அதே கம்பெனிதான்.

9/
மூணாவது நாள் ஒரு வீடியோ கண்ணுல பட்டிருக்கு. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சூப்பர் க்ளூல ஒட்டிக் காட்டறார். இவங்களும் ஒட்டி, நல்லா பிடிக்கட்டும்னு உடனே ட்ரேயையும் மாட்டிக்கிட்டாங்க.

சூப்பர் க்ளூ ஈரம் பட்டா இறுகற பொருள். வாய் முழுக்க ஈரம். நொடியில இறுகும், இறுகும்போது சூடும் வரும். பொட்டு, பல்லு, ட்ரே மூணும் ஒண்ணாயிடுச்சு. வழிஞ்ச க்ளூ உதட்டைச் சுட்டிருச்சு.

10/
இந்த இடத்துல என் தப்பையும் சொல்லணும். நான் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, இந்த அழகு விஷயத்துக்கெல்லாம் இவ்ளோ தேவையா?"

அந்தப் பொண்ணு கோவப்படல. "என் சம்பளத்துல எனக்குன்னு நான் வாங்கினது இது ஒண்ணுதான் சார். ஸ்கூல்ல இருந்தே தெத்துப்பல்லுன்னுதான் கூப்பிடுவாங்க. சிரிச்சா கையால வாயை மூடிக்குவேன்"னுச்சு.

அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல. வெதுவெதுப்பான தண்ணி குடுத்து மெல்ல மெல்லக் கொப்பளிக்கச் சொன்னேன். இழுக்கக் கூடாதுன்னு சொல்லி, வலிக்கு மருந்து குடுத்தேன். காலையில எங்க பல் பிரிவு மேடம் பொறுமையா ஓரமா வெட்டி வெட்டி ட்ரேயை எடுத்தாங்க.

11/
இப்ப நீங்க கேக்கலாம்: "டாக்டர், 2024 ஜூன்ல கருணாபுரத்துல கள்ளச்சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல செத்துப்போன ஊர் இது. மலையிலிருந்து பிரசவத்துக்கு இறங்கவே கஷ்டம். இங்க உக்காந்துட்டு பல்லுப் பொட்டைப் பத்தி எழுதறீங்களே?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதேதான் தோணுச்சு, அதனாலதான் அந்தப் பொண்ணைத் திட்டினேன்.

12/
ஆனா யோசிச்சுப் பாருங்க. பணக்காரருக்கு இது பிரச்சனையே இல்ல. அவர் சென்னையில இருப்பார், சாயங்காலம் கார்ல போய் ஒட்டிட்டு வந்துடுவார். மாசத் தவணையில இதைக் கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் விக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து, இது நம்ம பிரச்சனை.

ட்ரே வீட்டுக்கு வருது. கூரியர்ல டாக்டர் வர மாட்டார். பொட்டு விழற அன்னைக்குத்தான் அது நமக்குத் தெரியுது.

13/
"பல்லு சின்ன விஷயம்"ங்கிற நினைப்பும் தப்பு. வாணியம்பாடியில 2023ல ஒரு பல் கிளினிக்ல சரியா ஸ்டெரிலைஸ் பண்ணாத கருவியால சலைன் பாட்டிலைத் திறந்தது மூலமா கிருமி பரவி, மூளையைத் தாக்கி, பாதிக்கப்பட்ட 10 பேர்ல 8 பேர் இறந்துபோனதை ஆய்வாளர்கள் 2025ல வெளியிட்டாங்க.

பொட்டு ஒட்டறதுல அறுவை ஒண்ணும் இல்ல, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா வாய்க்குள்ள கை வைக்கிறவர் யார், அவர் பேர் என்னன்னு தெரியாம விடக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்.

14/
"கம்பெனியை மட்டும் ஏன் திட்டறீங்க, அலைனரே மோசமா?" இல்லவே இல்ல. 1997ல அமெரிக்காவுல அலைன் டெக்னாலஜி ஆரம்பிச்சதுல இருந்து உலகம் முழுக்க இது முறையான சிகிச்சை. ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பி.டி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மூணு வருஷம் எம்.டி.எஸ். படிச்சவர், நேர்ல பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறை சோதிச்சு, மாசாமாசம் பார்த்துக்கிட்டா நல்லாவே வேலை செய்யும்.

நான் எதிர்க்கிறது நாற்காலியே இல்லாத வைத்தியத்தை.

15/
அந்த மாடல் எப்படி முடியும்னு ஏற்கனவே ஒரு தடவை பார்த்தாச்சு. அமெரிக்காவுல 2014ல ஆரம்பிச்ச ஸ்மைல் டைரக்ட் க்ளப், டாக்டர்கிட்ட போகாம வீட்டுக்கே அலைனர்னு வித்துச்சு. 2023 செப்டம்பர்ல திவால் மனு, டிசம்பர்ல கடையைச் சாத்திட்டாங்க. வாழ்நாள் உத்தரவாதம் இனி கிடையாதுன்னு அறிவிச்சாங்க. தவணையில இருந்தவங்க மட்டும் தொடர்ந்து கட்டணும்னும் சொன்னாங்க!

பாதி நகர்ந்த பல்லோட ஜனம் நடுத்தெருவுல நின்னுச்சு. 2024 அக்டோபர்ல பைட் அப்படிங்கிற இன்னொரு வீட்டு அலைனரும் விற்பனையை நிறுத்திச்சு.

16/
இந்தத் தவணை விஷயத்தை நல்லாப் புரிஞ்சுக்கோங்க. பெரும்பாலும் நீங்க கடன் வாங்கறது அலைனர் கம்பெனிகிட்ட இல்ல, ஒரு நிதி நிறுவனத்துக்கிட்ட. அந்தக் காசு மொத்தமா கம்பெனிக்குப் போயிடும். சிகிச்சை நின்னாலும் கடன் நிக்காது. கோவத்துல கட்டாம விட்டா உங்க சிபில் ஸ்கோர்தான் விழும்.

விழுந்த பொட்டுக்காக அவங்களுக்கு ஒரு ரூபா நஷ்டம் கிடையாது. போனை எடுக்க அவங்களுக்கு என்ன அவசரம்?

17/
சரி, கோவம் போதும். பொட்டு விழுந்தா என்ன செய்யணும்? எங்க பல் பிரிவு மேடம்கிட்ட உக்காந்து கேட்டு எழுதினது.

முதல் விஷயம், பதறாதீங்க. இது எமர்ஜென்சி இல்ல. ட்ரே போடறதை நிறுத்தாதீங்க. பொட்டு போச்சேன்னு ட்ரேயைக் கழட்டி வெச்சாதான் உண்மையான நஷ்டம், பல்லு பழைய இடத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும்.

18/
இரண்டாவது, எழுதி வைங்க. எந்தத் தேதி, எந்தப் பல்லு, எத்தனாவது ட்ரே, எத்தனாவது நாள். நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ. விழுந்த துண்டு ட்ரே குழிக்குள்ளயே ஒட்டியிருந்தா மெல்லத் தள்ளி எடுங்க. அதைத் திரும்ப ஒட்ட மாட்டாங்க, புதுசாத்தான் போடுவாங்க. அதனால துண்டு தொலைஞ்சா கவலை இல்ல.

மூணாவது, உங்களுக்கு வைத்தியம் பார்க்கிற பல் டாக்டருக்குச் சொல்லுங்க. அவர் சொல்லாம அடுத்த ட்ரேக்குப் போகாதீங்க. சில பொட்டு சிகிச்சையோட கடைசிக் கட்டத்துல தேவையே படாது. சிலது உடனே வேணும். அதை முடிவு பண்ண வேண்டியது அவர், நீங்களும் இல்ல, நானும் இல்ல, கஸ்டமர் கேரும் இல்ல.

19/
எப்ப சீக்கிரம் போகணும்?
• ட்ரேக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா, ட்ரே முழுசா உக்காரலைன்னா
• ஒண்ணுக்கு மேல பொட்டு விழுந்தா
• ஒட்டி ஒட்டி அதே பொட்டு திரும்பத் திரும்ப விழுந்தா
• பாதி உடைஞ்சு கூர்மையா நின்னு நாக்கையோ உதட்டையோ கிழிச்சா (அதுவரைக்கும் ஆர்த்தோ மெழுகு வெச்சுக்கலாம்)
• பொட்டோட பல்லுல வலி, கூச்சம், துண்டு உடைஞ்ச மாதிரி தெரிஞ்சா

20/
முழுங்கிட்டா? பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அரிசியை விடச் சின்னது, தானா வெளிய போயிடும்.

ஆனா விழுந்த உடனே விடாம இருமல், மூச்சுத் திணறல், இழுப்பு வந்தா, அது மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கலாம். அப்ப பல் டாக்டரைத் தேட வேண்டாம். நேரா பக்கத்து ஆஸ்பத்திரி, இல்லைன்னா 108. இது மட்டும் எங்க டிபார்ட்மென்ட், இதுல யோசிக்காதீங்க.

21/
செய்யவே கூடாதது:
✗ சூப்பர் க்ளூ, எம்-சீல், நகப் பசை, எதுவும் வேண்டாம். தப்பான இடத்துல அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலே ட்ரே உக்காராது, இல்லைன்னா பல்லைத் தப்பான பக்கம் தள்ளும்.
✗ மிச்சம் ஒட்டியிருக்கிறதை நகம் வெட்டியாலயோ ஊக்காலயோ சுரண்டாதீங்க. போறது எனாமல், திரும்ப வளராது.
✗ ஏற்கனவே க்ளூ போட்டுட்டீங்களா? இழுக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில கொப்பளிச்சுக்கிட்டே வாங்க. திட்ட மாட்டேன்.

22/
இப்ப முக்கியமான விஷயம். 5-வது போஸ்ட்ல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே? இதுக்குத் தேவையான காம்போசிட்டும் நீல லைட்டும் கள்ளக்குறிச்சியில இருக்கிற சாதாரணப் பல் கிளினிக்லயே இருக்கு. இல்லாதது ரெண்டே ரெண்டு: அந்தப் பொட்டுக்கான அச்சு ட்ரே, சிகிச்சைத் திட்டம். ரெண்டும் கம்பெனிகிட்ட மாட்டிக்கிட்டு இருக்கு.

அச்சும் திட்டமும் நோயாளி கையில இருந்து, வைத்தியம் பார்க்கிறவர் போன்ல ஒரு வார்த்தை சொன்னா, உள்ளூர் பி.டி.எஸ். டாக்டரே ஒட்டிக் குடுக்கலாம். சென்னைக்கு ரெண்டு நாள் அலைச்சல் எதுக்கு?

23/
"அச்சைக் குடுத்தா யார் யாரோ ஒட்டிடுவாங்க, தரம் கெட்டுடும்"னு சொல்வாங்க. உண்மையில ஒரு பதிவு பெற்ற பல் டாக்டர் ஒட்டறதா தரம் கெட்டது? நீங்க போனை எடுக்காததால அந்தப் பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு சூப்பர் க்ளூல ஒட்டிச்சே, அதுல தரம் இருந்துச்சா?

என் கோரிக்கை இவ்ளோதான்: ட்ரே பெட்டியோட அச்சையும் திட்டத்தையும் நோயாளிக்குக் குடுங்க. அது அவங்க பல்லு. அவங்க காசு.

24/
காசு கட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.
1. எனக்கு வைத்தியம் பார்க்கிற பல் டாக்டர் பேர் என்ன, பதிவு எண் என்ன? (கம்பெனி பேர் இல்ல, மனுஷன் பேர்.)
2. அவர் என் வாயை நேர்ல பார்ப்பாரா? எத்தனை தடவை?
3. பொட்டு விழுந்தா எங்க ஒட்டணும்? என் ஊர்ல இருந்து எவ்ளோ தூரம்? கட்டணம் உண்டா?
4. அச்சு ட்ரேயும் சிகிச்சைத் திட்டமும் என் கையில தருவீங்களா?
5. நடுவுல நீங்க மூடிட்டா என் பல்லுக்கும் என் கடனுக்கும் யார் பொறுப்பு?

வாட்ஸ்அப்ல எழுத்துல பதில் வாங்குங்க. வாய்ப் பேச்சு வேண்டாம். மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

25/
ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995லயே சொல்லியாச்சு. 2019 சட்டப்படி, கம்பெனி எங்க இருந்தாலும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் குடுக்கலாம். டிக்கெட் நம்பர், கால் ரெக்கார்ட், கட்டின ரசீது எல்லாத்தையும் பத்திரமா வைங்க. 18-வது போஸ்ட்ல எழுதி வைக்கச் சொன்னது இதுக்கும்தான்.

26/
அரசாங்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும், நான் சம்பளம் வாங்கற இடம்னாலும். தமிழ்நாட்டுல அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிடலாம்: சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. கோணல் பல்லைச் சரி பண்ண மலையில இருந்து ஒருத்தர் சிதம்பரம் வரைக்கும் எத்தனை தடவை போய் வர முடியும்?

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு மாசத்துல ஒரு நாளாவது ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட் வரட்டும். நாம விட்ட இடைவெளியிலதான் ஆப் உள்ள வருது.

27/
என் சக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கும்: பல்லுன்னா "பல் டாக்டரைப் பாரு"ன்னு ஒரு வலி மாத்திரை எழுதி அனுப்பறது நம்ம பழக்கம். நானும் செய்வேன். அடுத்த தடவை அட்டாச்மென்ட் கழண்டு யாராவது வந்தா, மூணு வார்த்தையாவது சொல்லி அனுப்புங்க: ட்ரேயை நிறுத்தாத, க்ளூ போடாத, தேதி எழுதி வை. அழகுக்கா இதெல்லாம்னு மட்டும் கேக்காதீங்க. நான் கேட்டுட்டு, பதில் வாங்கிக்கிட்டேன்.

28/
அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு? உதட்டுப் புண்ணு ஒரு வாரத்துல ஆறிடுச்சு. வெட்டி எடுத்த ட்ரேக்குப் பதில் வேற ட்ரே வர மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள பல்லு கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு, மறுபடி அளவெடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. தவணை மட்டும் மாசம் அஞ்சாம் தேதி தவறாம போயிட்டிருக்கு.

போன வாரம் புண்ணைக் காட்ட வந்தப்ப சிரிச்சுது. கை வாய்க்குப் போச்சு, இன்னும்.

29/
வீட்டுல, ஆபீஸ்ல யாராவது அலைனர் போட யோசிச்சா 24-வது போஸ்ட்டைக் காட்டுங்க. போட்டவங்களுக்கு 17-லிருந்து 21 வரைக்கும். பல் டாக்டர்கள் யாராவது படிச்சா, தப்பு இருந்தா கமென்ட்ல திருத்துங்க, மாத்திடறேன்.

கம்பெனிக்காரங்க யாராவது படிச்சா, கமென்ட்ல வாதாட வேண்டாம். முதல்ல போய் போனை எடுங்க.